இடப்பக்கக் கைப்பிடி

"நீங்க எந்தக் கலர்?" என்று கேட்டான் லைல்.

நோரீனுக்குப் புரியவில்லை. மாட்டுத் தீவன மூட்டைகளையும் வேலிக்கம்பிச் சுருள்களையும் தாண்டி, கடையின் கோடியில், வீட்டிலேயே தோட்டா செய்வதற்கான சாமான்கள் வைத்திருக்கும் மேசை முன்னால் அவள் நின்றிருந்தாள். இந்தக் கடைக்குப் பல வருடமாக வருகிறாள். இந்த மேசைவரை வந்ததில்லை.

"பச்சையா, சிவப்பா, நீலமா?" லைல் அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினான். "வீட்ல தோட்டா போடுறவங்கள்ல மூணு கட்சிதாங்க. கம்பெனிக்கு ஒரு கலர். பச்சைக்காரன் வீட்டுக்குள்ள சிவப்பு வராது. நீலக்காரனுக்கு மத்த ரெண்டு பேரப் பாத்தாலே இளக்காரம். இந்த ஊர்ல சர்ச் மாறுனவங்க இருக்காங்க, பொண்டாட்டி மாத்துனவன் இருக்கான். தோட்டா அழுத்துற பிரஸ்ஸோட கலர மாத்துனவன நான் பாத்ததில்ல."

"நான் இன்னும் ஓட்டே போடல" என்றாள் நோரீன்.

லைல் சிரித்தான். அப்பாவிடமிருந்து கடையை வாங்கி நடத்துகிறவன். நாற்பது வயதிருக்கும். எதை விற்றாலும் அதைத்தான் தன் வீட்டிலும் வைத்திருப்பதாகச் சொல்வான்.

"தோள மெதுவா உதைக்கிற தோட்டான்னு கம்பெனிக்காரங்களே ஒண்ணு போடுவாங்களே. அது வந்திருக்கா?" அவள் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

"உங்க ரைபிளுக்கா? போன வருஷமே வரல. இந்த வருஷமும் ஆர்டர் போட்டேன், பதில்கூட இல்ல. அதான் சொல்றேன், நீங்களே போட்டுக்கோங்க. வெடிமருந்து கொஞ்சம் கொறைச்சு, குண்டு கொஞ்சம் லேசா. புத்தகத்துல எல்லாம் இருக்கு."

அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கும். இப்போது ஆகஸ்ட் முடியப்போகிறது. போன வருடம் நோரீன் மலைக்குப் போனாள், சுடப் போகவில்லை. கிராமப்புறத் தபால் வண்டி ஓட்டுகிறவள் அவள். ஸ்டியரிங் இடப்பக்கம், தபால்பெட்டிகள் சாலையின் வலப்பக்கம் என்பதால் காரின் நடுவில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் தபால் போட்டு, வலது தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. கோடையில் அறுவை சிகிச்சை. இலையுதிர்காலத்தில் கூடாரத்தில் அடுப்போடு உட்கார்ந்தாள். கணவன் ஆர்லோவும் அவன் தம்பி டுவேனும் விடியும் முன்னே கிளம்பிப் போவார்கள். அவள் பீன்ஸ் ஊறவைப்பாள், தட்டுக் கழுவுவாள், விறகு போடுவாள். துப்பாக்கிச் சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்போது கையில் கரண்டியோடு நின்று, யாருடைய துப்பாக்கி என்று சத்தத்தை வைத்து ஊகிப்பாள்.

இந்த வசந்தத்தில் டாக்டர், இனி சுடலாம் என்று சொல்லிவிட்டார். இப்போது டுவேன் இந்த வருடமும் அவள்தான் சமையல் என்று பேசத் தொடங்கியிருந்தான். நல்லெண்ணத்தில்தான். அதுதான் கஷ்டம்.

"வாங்க, இழுத்துப் பாருங்க" என்றான் லைல்.

மேசை ஓரத்தில் ஒரு பச்சை பிரஸ் முடுக்கியிருந்தது. கனமான இரும்புச் சட்டம். கைப்பிடியை இழுத்தால் நடுவிலிருக்கும் தண்டு மேலேறும். தண்டின் தலையில் செருகிய, சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூடு, மேலே திருகியிருக்கும் எஃகு அச்சுக்குள் நுழைந்து, பழைய அளவுக்கு இறுகி வெளியே வரும். லைல் ஒரு வெறும் கூட்டில் எண்ணெய் தடவி மாட்டினான்.

கைப்பிடி வலப்பக்கம் இருந்தது. அவள் இழுத்தாள். பாதி தூரம் ஒன்றுமில்லை. கூடு அச்சுக்குள் இறுகும் இடம் வந்ததும் தோளுக்குள் ஒரு கம்பியை முறுக்கியது போலிருந்தது. மூச்சை விடாமல், உடம்பின் கனத்தை மேலே போட்டு, மீதியை இறக்கினாள்.

"வெண்ணெய் மாதிரி இறங்குதுல்ல?"

"ம்."

"மொத்த செட்டாவே இருக்கு. பிரஸ், தராசு, மருந்து அளக்குறது, புத்தகம், எல்லாம் ஒரே பெட்டி. பேக் பண்ணிரவா?"

"புத்தகம் மட்டும் குடுங்க. படிச்சிட்டு வர்றேன்."

"புத்தகம் மட்டும் வாங்கிட்டுப் போறவங்க திரும்பி வர்றதில்லீங்க."

"நான் வருவேன்" என்றாள். கார்வரை நடந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மே மாதத்தில் நடந்தது யாருக்கும் தெரியாது. டாக்டர் சரி என்று சொன்ன மறுவாரம் அவள் தனியாகச் சரளைக் குழிக்குப் போய், வழக்கமான தோட்டாவில் ஒன்று சுட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவதைச் சுடும்போது, விசையைத் தொடுவதற்கு முன்னாலேயே உடம்பு சுருங்கிக்கொண்டது. குண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. உதைக்குப் பயந்து சுருங்குகிறவர்கள் விலங்கைச் சுடக்கூடாது. காயப்படுத்திவிடுவார்கள். அது அவளுக்கே தெரியும். வீட்டுக்கு வந்து, எப்படி இருந்தது என்று ஆர்லோ கேட்டபோது "பரவால்ல" என்றாள். கோடை முழுக்க அந்தப் பரவாயில்லையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டுவேன் சாப்பிட வந்தான். விவாகரத்து ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு இங்கேதான். வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவன். ஊர்ச் செய்தி எல்லாம் லாரியோடு வரும்.

"லைல் கடையில புத்தகம் வாங்கினியாமே" என்றான், சோளக்கதிரில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"இந்த ஊர்ல ஒரு புத்தகம் வாங்க முடியல."

"கெட்ட புத்தகம்னா நான் கேட்டிருக்க மாட்டேன். இது தோட்டாப் புத்தகம். உனக்கெதுக்கு இந்தத் தலைவலி? என்கிட்ட சொன்னா நான் போட்டுத் தரமாட்டேனா? என் நீலத்துல ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா விழும். நீ காபி போட்டு எறக்குறதுக்குள்ள ஒரு பெட்டி ரெடி."

"அடுத்தவங்க போட்ட தோட்டாவைச் சுடக்கூடாதுன்னு சொல்றது யாரு?"

டுவேன் மெல்வதை நிறுத்தினான். அது அவன் வாயிலிருந்தே பலமுறை வந்தது. இந்தப் பக்கத்தில் வீட்டில் தோட்டா போடுகிற யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். நம்பிக்கை இல்லாததால் அல்ல. துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும் இடம் சுடுகிறவரின் கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது. அங்கே கண்ணை வைக்கிறவர்தான் அதற்குள் மருந்தைப் போட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு கில் ஒருமுறை ஆசையாக ஒரு பெட்டி கொடுத்தபோது, டுவேன் நன்றி சொல்லி வாங்கிவந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, மருந்தைத் தோட்டத்தில் கொட்டினான்.

"அது அடுத்தவங்க. நான் டுவேன்."

"கில்லும் அப்டித்தான் நெனச்சிருப்பான். நான் கில்தானேன்னு."

ஆர்லோ சிரித்துவிட்டுக் குனிந்து சாப்பிட்டான். அதிகம் பேசாதவன். பள்ளிக்கூடத்தில் கொதிகலனும் பஸ்ஸும் பார்த்துக்கொள்கிறவன். இயந்திரங்களோடு பேசிப் பழகியவன் என்று டுவேன் கேலி செய்வான்.

"சரி, என்னோட பழைய மிஷினையாவது எடுத்துக்க" என்றான் டுவேன். "நீலம். கீழ்த்தளத்துல சும்மா கெடக்கு. காசு வேணாம்."

நோரீன் அதை உண்மையாகவே யோசித்தாள். நல்ல இயந்திரம். ஒரே இழுப்பில் ஒரு கூடு இறுகும், அடுத்த கூட்டில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஏறும், அதற்கடுத்த கூட்டில் மருந்து விழும், அதற்கும் அடுத்ததில் குண்டு உட்காரும். தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒன்றாக நடப்பதால் எது தவறினாலும் சட்டென்று தெரியாது. புத்தகத்தில் முதல் அத்தியாயமே அதைத்தான் சொன்னது: புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலை. அவளுக்கும் அப்படித்தான் வேண்டும். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கைப் பிடித்து, மருந்து எவ்வளவு உயரம் இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

தவிர, அந்த நீலத்தின் கைப்பிடியும் வலப்பக்கம்தான். நீளமானது. அதை அவள் சொல்லவில்லை.

"எனக்குச் சின்னது போதும் டுவேன்."

"மருந்தைக் கொறைச்சுப் போட்டா எல்க் சிரிக்கும்."

"கிட்ட வந்தாத்தான் சுடுவேன்."

"உன் பீன்ஸ் சில்லி வாசனைக்கு வேணா கிட்ட வரும்." அவன் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டான். "நான் தப்பாச் சொல்லல. கூடாரத்துல சூடா ஒரு சாப்பாடு இருந்தா மனுஷனுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா? போன வருஷம் மாதிரி ஒரு வருஷம் இருந்ததே இல்ல."

"தட்டுல விழுந்தா போறேன். விழலைன்னா சமைக்கிறேன்" என்றாள் நோரீன். "எல்லாருக்கும் உள்ள சட்டம்தானே?"

"எல்லாருக்கும் உள்ள சட்டம்தான்" என்றான் டுவேன்.

அவர்கள் குடும்பத்தில் வேட்டைக்கு முன் ஒரு நாள் சரளைக் குழியில் கூடுவார்கள். நூறு கஜத்தில் அட்டைப்பெட்டி, அதில் சாப்பாட்டுக்கு வைக்கும் ஒரு காகிதத் தட்டு. ஆளுக்கு மூன்று குண்டு. மூன்றும் தட்டில் விழாதவர் மலையில் சுடுவதில்லை. ஒரு வருடம் டுவேனே அப்படிச் சமைத்திருக்கிறான். அந்த வாரம் எல்லாரும் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டார்கள்.

மறு சனிக்கிழமை அவள் கடைக்குக் கிளம்பியபோது ஆர்லோவும் சாவியை எடுத்துக்கொண்டான்.

"இரும்பு கனமா இருக்கும். நான் தூக்குறேன்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

லைல் அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். "புத்தகக்காரங்க திரும்பி வந்துட்டாங்க. நான் தோத்துட்டேன்." பச்சையைக் காட்டப் போனான். அவள் அதைத் தாண்டிப் போய்க் கீழ்த்தட்டிலிருந்த சின்னச் சிவப்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள்.

"அதுவா? அது வெல கம்மி. எல்லாரும் பச்சைக்குத்தான் வருவாங்க கடைசில."

"திறங்க, பாக்கறேன்."

மேசையில் பிரஸ்ஸை முடுக்கி, கூட்டை மாட்டி, லைல் விலகி நின்றான். ஆர்லோ தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். நோரீன் வலது கையைத் தொங்கவிட்டு, இடது கையை உடம்புக்குக் குறுக்கே நீட்டி, கைப்பிடியைப் பிடித்தாள்.

"ஏங்க, இடது கையாலயா இழுக்கறீங்க?"

"பழக்கம்" என்றாள்.

ஆர்லோ நிமிர்ந்து பார்த்தான். இருபத்தாறு வருடமாக அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவன். அவள் எந்தக் கையில் முள்கரண்டி பிடிப்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

இடது கையைக் குறுக்கே நீட்டி இழுத்தால் உடம்பு திரும்பிக்கொள்கிறது. கூடு எங்கே போகிறதென்று பார்க்க முடியவில்லை. அவள் கையை எடுத்தாள். குனிந்து பிரஸ்ஸின் அடியில் பார்த்தாள். கைப்பிடி ஒரே வார்ப்பு அல்ல. ஒரு தண்டு, அதை ஒரு கவ்வி பிடித்திருந்தது, கவ்வியை ஒரு போல்ட். எதிர்ப்பக்கத்திலும் அதே போன்ற துளை ஒன்று சும்மா இருந்தது.

"இத இந்தப் பக்கம் மாத்தலாமா?"

"அப்டி யாரும் கேட்டதில்லீங்களே." லைல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தான். "எழுதலையே."

"ஸ்பேனர் இருக்கா?"

கடை முழுக்க ஸ்பேனர் இருந்தது. மூன்றாவது பொருந்தியது. அவள் போல்ட்டைக் கழற்றி, தண்டை உருவி, எதிர்த்துளையில் செருகி, முடுக்கினாள். இப்போது கைப்பிடி இடப்பக்கம் நின்றது. நேராக நின்று இழுத்தாள். கூடு மேலே போனது, அச்சுக்குள் இறுகியது, இறங்கி வந்தது. தோள் தன்பாட்டுக்கு இருந்தது.

இன்னும் ஒருமுறை இழுத்தாள், வேண்டியதில்லை என்றாலும்.

"பச்சைல இந்த வசதி கெடையாதுங்க" என்றான் லைல், ஏதோ துரோகம் செய்பவன் போலக் குரலைத் தாழ்த்தி.

மற்றதெல்லாம் வேகமாக முடிந்தது. மின்னணுத் தராசை எடுத்தான் லைல். பக்கத்தில் விளக்கு எரிந்தாலும் கைபேசி அடித்தாலும் எண் நகரும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள். பழைய மாதிரி, முள் ஆடி நிற்கும் தராசைக் கேட்டாள். கூட்டின் நீளம் அளக்க ஒரு வெர்னியர். கூடுகளை நிற்க வைக்கத் துளை போட்ட மரக்கட்டை. சின்னப் புனல். கூட்டில் தடவும் எண்ணெய். பிரைமர் செருகும் கைக்கருவி. அதை மட்டும் இரண்டு கையிலும் பிடித்துப் பார்த்து எடுத்தாள். கூட்டை மெருகேற்றும் சுழல் டப்பா வேண்டுமா என்றான் லைல். பளபளப்பு அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும் என்றாள். மருந்தில் ஒரே ஒரு டப்பா.

"ரெண்டு வகை வாங்கி ஒப்பிட்டுப் பாக்கலாமே?"

"மேசை மேல ஒண்ணுதான் இருக்கணும். ரெண்டு இருந்தா என்னைக்காவது மாறும்."

ஆர்லோ வண்டியை ஓட்டினான். ஊர் எல்லை தாண்டியது. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் இரண்டு பக்கமும் மொட்டையாக ஓடின.

"எப்பலேருந்து?" என்றான்.

அவள் எது என்று கேட்கவில்லை. "மே மாசம் சுட்டுப் பாத்தேன். அப்பலேருந்து தெரியும்."

"பரவால்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

"என்கிட்டயுமா நோரீன்?"

"உன்கிட்ட சொன்னா நீ ஒண்ணும் சொல்லமாட்ட. சும்மா துப்பாக்கிய எடுத்து அலமாரில வச்சுப் பூட்டிருவ. அப்புறம் கரண்டிதான்."

அவன் கொஞ்ச தூரம் ஓட்டினான். "பூட்டியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டான். பிறகு, "இப்ப பூட்டணுமா?"

"போட்டுப் பாக்கறேன். மெதுவா உதைச்சா சுடறேன். அப்பவும் ஒடம்பு சுருங்குச்சுன்னா நானே பூட்டிடறேன். நீ பூட்டாத."

"சரி."

அன்று மாலை துணி துவைக்கும் அறையில், ஜன்னலடியில், அவன் ஒரு தடித்த பலகையைச் சுவரோடு முடுக்கினான். பிரஸ்ஸுக்கு இடப்பக்கம் கை வீச இடம் விட்டிருந்தான். அதோடு அவன் வேலை முடிந்தது. உள்ளே வந்து நிற்பதில்லை. இடையில் கேள்வி கேட்பதில்லை. அவள் அங்கே உட்கார்ந்திருக்கும்போது தொலைக்காட்சிச் சத்தத்தைக்கூடக் குறைத்துவைப்பான்.

செப்டம்பர் முழுக்க, தபால் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் அவள் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்தாள். முதலில் எல்லாக் கூட்டையும் இறுக்கினாள். இன்னொரு நாள் நீளம் அளந்து, கூடுதலாக நின்றதை ராவினாள். இன்னொரு நாள் பிரைமர். மருந்தைப் புத்தகத்தில் போட்டிருந்தபடியே, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தாள். முள் ஆடி நிற்கும்வரை மூச்சை மெதுவாக விட்டாள். மரக்கட்டையில் வரிசையாக நின்ற கூடுகளுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே உயரம். கடைசியில் குண்டு. கைப்பிடியை இழுத்ததும் குண்டு கூட்டின் கழுத்தில் மெல்ல இறங்குவது இடது உள்ளங்கையில் தெரிந்தது. முதல் தோட்டாவைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கடையில் வாங்கியது போலத்தான் இருந்தது. கொஞ்சம் பளபளப்பு குறைவு.

அக்டோபர் முதல் வாரம் அவளும் ஆர்லோவும் சரளைக் குழிக்குப் போனார்கள். அட்டைப்பெட்டியோ தட்டோ எடுத்துப் போகவில்லை. அன்று அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மண்சரிவைப் பார்த்துச் சுட்டாள். தோளில் ஒரு தள்ளல். கூட்டத்தில் யாரோ இடித்துவிட்டு மன்னிக்கச் சொல்வது போல. இன்னொன்று சுட்டாள். கண்ணைத் திறந்தபடியே இருந்தது அவளுக்கே தெரிந்தது. வெடித்தபின் புழுதி எழும்புவதைத் துப்பாக்கி மேலிருக்கும் குறிபார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக அவள் அதைப் பார்க்கவில்லை.

"எப்டி?" என்றான் ஆர்லோ.

"பரவால்ல" என்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெஜமா" என்றாள்.

தட்டு நாளன்று காற்று இல்லை. மலையுச்சியில் முதல் பனி விழுந்திருந்தது. டுவேன் முன்னாலேயே வந்து அட்டைப்பெட்டியை நிறுத்தி, தட்டைக் குத்தி, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கிலிருந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் மூன்றும் தட்டில். ஆர்லோ மூன்றும் தட்டில். டுவேன் போய்ப் புதுத் தட்டு குத்திவிட்டு வந்தான்.

"சிவப்புக் கட்சி வேட்பாளர் வரலாம்" என்றான்.

நோரீன் மடித்த கம்பளி மேல் துப்பாக்கியை வைத்துப் படுத்தாள். தட்டின் நடுவைப் பிடித்தாள். சுட்டாள். சுருங்கவில்லை. மறுபடி. மறுபடி. மூன்றும் நல்லபடியாகப் போனதென்று கை சொன்னது.

டுவேன் தொலைநோக்கியை வைத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"தட்டு புதுசா இருக்கு. கடையில திருப்பிக் குடுத்துரலாம்."

ஆர்லோ தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தான். இல்லை என்று தலையசைத்தான்.

"ஒண்ணுகூடவா இல்ல?" நோரீன் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணுகூட இல்ல." டுவேனின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. "அதுக்கென்ன நோரீன். தோள் அது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நான் விறகு வெட்டிக் குடுத்துட்டுத்தான் கெளம்புவேன், தண்ணியும் தூக்கி வச்சிருவேன். உனக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

பயந்து சுட்டால் குண்டு எப்படிப் போகும் என்று அவளுக்கு மே மாதத்திலிருந்து தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். இது அப்படி இல்லை. துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழும்பி, ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் குண்டு எங்கோ ஒரே இடத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். எங்கே?

யோசிக்கும்போதே புரிந்துவிட்டது. காதுவரை சூடு ஏறியது. மருந்தை நிறுத்தாள், கூட்டை அளந்தாள், நீளம் பார்த்தாள், உயரம் பார்த்தாள். துப்பாக்கி மேலிருக்கும் கண்ணாடி இன்னும் பழைய தோட்டாவுக்கு வைத்தபடியே இருந்தது. வேகமாகப் போகும் குண்டுக்கு வைத்த குறி. மெதுவாகப் போகிற குண்டு அங்கே எப்படிப் போகும்? அன்று மண்சரிவில் சுட்டபோது தோளை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"போய்ப் பாக்கலாம்" என்றாள்.

"தட்டுல இல்லம்மா. ரெண்டு பேரும் பாத்தோம்."

"தட்டப் பாக்க இல்ல."

மூன்று பேரும் சரளையில் நடந்தார்கள். அட்டைப்பெட்டியின் முன்னால் அவள் மண்டியிட்டாள். தட்டுக்கு நாலு விரற்கடை கீழே, பெட்டியில் அச்சடித்திருந்த எழுத்துக்களுக்கு நடுவில், மூன்று துளைகள். இரண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. மூன்றாவது விரலகலம் தள்ளி. ஜாம் பாட்டில் மூடியால் மூன்றையும் மூடிவிடலாம். எழுத்தோடு எழுத்தாகக் கலந்திருந்ததால் தூரத்திலிருந்து தெரியவில்லை.

டுவேன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். தன் தட்டில் விழுந்த மூன்று இவ்வளவு நெருக்கமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

"கண்ணாடிய மாத்தலையா நீ?"

"மறந்துட்டேன்."

"இவ்ளோ புத்தகம் படிச்சிட்டு?"

"இவ்ளோ புத்தகம் படிச்சிட்டு."

டுவேன் ஊசியைப் பிடுங்கி, தட்டைக் கீழே இறக்கி, மூன்று துளைகளின் மேலும் வைத்துக் குத்தினான். பின்னால் நகர்ந்து பார்த்தான்.

"இப்ப தட்டுல இருக்கு."

ஆர்லோ சத்தமாகச் சிரித்தான். நோரீனும் சிரித்தாள். பிறகு எழுந்து, தட்டைக் கழற்றி, பழைய இடத்தில் பழைய ஊசித்துளையிலேயே குத்தினாள்.

"திருகி வச்சிட்டு மறுபடி சுடறேன்" என்றாள். "விழலைன்னா நான் சமைக்கிறேன். நீ எறக்கி வைக்காத."

"நான் உதவி பண்றேன்னு நெனச்சேன்."

"தெரியும்."

திரும்பி வந்து, ஒரு காசை வைத்துக் கண்ணாடியின் திருகைத் திருப்பினாள். எத்தனை சொடுக்கு என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, சரிபார்த்து, இன்னொருமுறை சரிபார்த்தாள். ஒன்று சுட்டுப் பார்த்து மறுபடி திருகவும் செய்தாள். டுவேன் அவசரப்படுத்தவில்லை. பிறகு படுத்து, மூன்று சுட்டாள். மூன்றாவதற்கு முன்னால் தோள் வலிக்கத் தொடங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்துக் காத்திருந்துவிட்டுச் சுட்டாள்.

ஆர்லோ தொலைநோக்கியில் பார்த்தான். "ரெண்டு உள்ள. ஒண்ணு ஓரம்."

"ஓரம்னா உள்ளயா வெளியயா?"

"இங்கேருந்து சொல்ல முடியல."

டுவேன் தானே நடந்து போனான். அவன் தட்டின் பக்கத்தில் குனிந்து, முகத்தை அருகில் கொண்டுபோய், துளை மேல் விரலை வைத்துப் பார்த்தான். தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அவனுக்கே உரிய அந்தத் தளர்ந்த நடையில் திரும்பி வந்தான். நெளிநெளியான விளிம்பில் ஒரு அரைவட்டம் கடித்தது போலக் காணாமல் போயிருந்தது.

"ஓரமும் தட்டுதான்" என்று அவள் மடியில் போட்டான்.

நோரீன் இடது கையால் வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டாள். அவர்கள் இருவருக்கும் முன்னால்தான் செய்தாள்.

"வலிக்குதா?" என்றான் டுவேன்.

"வலிக்குது. இன்னைக்கு இதுக்கு மேல சுடமாட்டேன். மலையில ஒண்ணு போதும்."

அவன் தலையாட்டினான். ஃபிளாஸ்க்கின் மூடியில் காபி ஊற்றி அவளிடம் நீட்டினான். அவள் இடது கையால் வாங்கினாள்.

"அப்ப சமையல் யாரு?" என்றான் டுவேன்.

ஆர்லோ மலைமேல் விழுந்திருந்த பனியைப் பார்த்தான். நோரீன் காபியைக் குடித்தாள்.